போலிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

கோவையிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். பாலிமர் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு) என்ற பிளாஸ்டிக் படலத்தை இழுத்து நீட்டி, சூடாக்கி, மைக்ரோமீட்டருக்கு 50 வோல்ட்டுக்கு மேல் மின்புலம் கொடுத்து, புலத்தை எடுக்காமலே ஆறவிடுகிறோம். மூலக்கூறின் இருமுனைகள் (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் உள்ள அமைப்புகள்) ஒரே பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிடுகின்றன. 1969இல் ஜப்பானின் கவாய் இந்தப் படலத்தில் அழுத்தமின் விளைவை, அதாவது அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதை, காட்டியது இப்படிப்பட்ட முறையில்தான். ஆங்கிலத்தில் poling எனப்படும் இதற்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். 'போலிங்' என்று எழுதினால் வாக்குப்பதிவு நினைவுக்கு வருகிறது. 'முனைவாக்கம்' ஏற்கெனவே போலரைசேஷனுக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நிரைத்தல். நிரை என்றால் வரிசை. ஆநிரை தெரியாதவர் உண்டா? நிரல், நிரை, நிரவு எல்லாம் ஒரே வேர் என்றுதான் எனக்குப் படுகிறது. யாப்பிலும் நேரசைக்குப் பக்கத்தில் நிரையசை நிற்கிறது. குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வருவதால் அந்தப் பெயர் என்பேன். மின்நிரைப்பு என்று வைக்கலாம்.

மதுரையிலிருந்து:
ஐயா, மின்னும் நிரைப்பும் புணர்ந்தால் மின்னிரைப்பு. அதைப் பிரிக்கும் மாணவன் மின்+இரைப்பு என்றும் பிரிப்பான். போதாததற்கு ஃபில்லரை, அதாவது பிளாஸ்டிக்கில் கலக்கும் துகளை, 'நிரப்பி' என்கிறோம். 'நிரப்பிகளை நிரைத்தல்' என்று வகுப்பில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மின்னேற்றம் (சார்ஜிங்) எல்லாருக்கும் தெரியும். அதே வழியில் முனையேற்றம் என்போம்.

சிங்கப்பூரிலிருந்து:
ஏற்றம் என்றால் இல்லாததை ஏற்றுவது. பிவிடிஎஃப் மூலக்கூறில் இருமுனை முன்பே இருக்கிறது: ஃப்ளூரின் பக்கம் எதிர், ஹைட்ரஜன் பக்கம் நேர். புலம் அதைத் திருப்பத்தான் செய்கிறது. ஆகவே முனைதிருப்பல். நிரப்பிகளின் கதை வேறு. நிரப்பியாகக் கலக்கும் கார்பன் நானோகுழாயில் (மிக நுண்ணிய கார்பன் குழாய்) இருமுனையைத் தூண்டுவதே புலம்தான். எப்பாக்சிப் பிசின் இறுகுவதற்கு முன் மாறுதிசைப் புலம் கொடுத்தால் குழாய்கள் புலத்தின் திசைக்குத் திரும்பி, முனையோடு முனை சேர்ந்து சங்கிலியாகின்றன. நேர்திசைப் புலமானால் மின்னூட்டம் உள்ள குழாய்கள் ஒரு மின்வாயை நோக்கி நகர்ந்து அங்கேயே குவியும். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாடமே குழம்பும்.

மதுரையிலிருந்து:
இரண்டு சொல், சரி. ஆனால் 'முனைதிருப்பல்' என்றால் முனைகள் தலைகீழாக மாறுவதாக நினைப்பார்கள். அந்த நிகழ்வும் இதே படலத்தில் உண்டு. புலத்தை எதிர்த்திசையில் கொடுத்தால் நடக்கும். அதற்கு அந்தச் சொல்லை விட்டுவையுங்கள்.

கோவையிலிருந்து:
நாளை அனுப்ப வேண்டும். மூலக்கூறுக்கு முனையேற்றம், நிரப்பிக்கு வரிசைப்படுத்தல் என்று எழுதிவிட்டேன். இரண்டு சொல் வேண்டும் என்பதில் பெரும்பாலோர் சம்மதம். எல்லாருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
வரிசைப்படுத்தல் கணினிக்காரர்கள் சோர்ட்டிங்குக்கு எடுத்த சொல். அதில் முன்பின் தெரியும், திசை தெரியாது. புணர்ச்சிதான் தடை என்றால் 'மின்'னை விட்டுவிட்டுப் புலநிரைப்பு என்னலாமே. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.