காற்றுக்குத் தாங்கும் மடக்குக் குடை எது? இரண்டு வருடத்தில் மூன்று போய்விட்டது

ஆரல் டீச்சர்:
வணக்கம். நான் இருப்பது ஆரல்வாய்மொழியில். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிப் போனவர்களுக்கு எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். வைகாசியில் பிடித்தால் ஆவணி முடியும் வரை கணவாய் வழியாக அப்படியே கொட்டும். பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போக முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும், வழியில் மரம் கிடையாது. மழை பெரிதாக இல்லை. வெயில், காற்று, நடுவில் திடீரென்று ஒரு சாரல், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்தில் மூன்று குடை வாங்கினேன். 180 ரூபாய்க்கு ஒன்று, 350க்கு ஒன்று, கடைசியாக 650க்குப் பட்டனை அமுக்கினால் தானே விரிந்து தானே மடங்கும் குடை. அதிகம் கொடுத்து வாங்கியதுதான் சீக்கிரம் போனது, நாலு மாதம்கூட வரவில்லை. காற்று அடித்ததும் எல்லாமே தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்துகொள்கிறது.

கைப்பையில் வைக்கிற மாதிரி வேண்டும். 900 ரூபாய் வரை போகலாம். என்ன பார்த்து வாங்குவது? அம்மியே பறக்கிற காற்றில் குடை எங்கே நிற்கும் என்று யாரும் பதில் போட வேண்டாம். அது வீட்டிலேயே சொல்லியாச்சு.

சென்னை ராஜ்:
பெரிய கோல்ஃப் குடை ஒன்று வாங்கிவிடுங்கள் மேடம். 30 அங்குலக் கம்பி, கனமான தண்டு. ஆளையே மூடிவிடும், ஒன்றும் ஆகாது.

வால்பாறைவாசி:
ராஜ் தம்பி, அது மழைக்குச் சரி, காற்றுக்கு இல்லை. குடையில் போட்டிருக்கும் அங்குலம் கம்பியின் நீளம், குடையின் அகலம் அல்ல. 21 அங்குலக் குடையையும் 30 அங்குலக் குடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணியின் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாக இருக்கும். காற்று பிடித்து இழுக்கிற இழுப்பும் அப்படியே இரட்டிப்பு. குடை உடையாது, வாஸ்தவம். டீச்சரின் தோள்பட்டைதான் போகும். கைப்பையிலும் அடங்காது.

எங்கள் ஊரில் மழை மாதக்கணக்கில் பெய்யும், காற்று அந்த அளவுக்கு இருக்காது. அதனால் நாங்கள் மடக்காத நீளக் குடையோடு நிம்மதியாக இருக்கிறோம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குடை.

குடைக்காரர் மகன்:
டீச்சர், எது வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம். உடைந்த மூன்றும் வீட்டில் இருக்கிறதா? எங்கே உடைந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் அப்பா கோட்டாறில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முப்பது வருடம் குடை ரிப்பேர் பார்த்தவர். யார் குடையைக் கொண்டுவந்தாலும், என்ன விலை, எந்தக் கடை என்று கேட்கவே மாட்டார். விரித்து, தலைகீழாகப் பிடித்து, எந்த மூட்டு என்றுதான் பார்ப்பார்.

மூன்று விஷயம் பாருங்கள். கம்பி வளைந்திருக்கிறதா, முறிந்திருக்கிறதா? துணி கம்பியின் முனையை விட்டு வந்திருக்கிறதா? தண்டு மேலே ஏறிப் பூட்டிக்கொள்கிறதா?

ஆரல் டீச்சர்:
இருக்கிறது, பரண்மேல். தூக்கிப்போட மனசு வரவில்லை.

180 ரூபாய்க் குடையில் இரண்டு கம்பி நடுவில் மடங்கி முழங்கை மாதிரி நிற்கிறது. நிமிர்த்தினேன், நிமிர்த்திய இடத்தில் கையோடு வந்துவிட்டது. வெள்ளி நிறம், எடையே இல்லை.

350 ரூபாய்க் குடையில் கம்பி எல்லாம் நன்றாக இருக்கிறது. முனையில் துணியைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி மூன்று இடத்தில் கழன்று, துணி உள்ளே சுருட்டிக்கொண்டு கிடக்கிறது.

650 ரூபாய்க் குடைதான் புரியவில்லை. கம்பி, துணி இரண்டிலும் சேதமில்லை. பட்டனை அமுக்கினால் விரிகிறது. காற்று லேசாகத் தள்ளினாலே தண்டு உள்ளே சரிந்து குடை தலையில் உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் அசெம்பிளியில் அப்படி ஆகி, பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடைக்காரர் மகன்:
நல்ல வேளை, மூன்றும் மூன்று வியாதி. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதல் குடையின் கம்பி அலுமினியம். ஒருமுறை மடங்கிவிட்டால் பழைய நிலைக்கு வராது, நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே முறியும். எடை குறைவு என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள். அந்த எடைக் குறைவோடு பலவீனமும் சேர்ந்தே வருகிறது. இரும்புக் கம்பி இதைவிடத் தேவலாம். அதிலும் தட்டையான தகடு வேண்டாம், உட்பக்கம் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்த கம்பிதான் பலம். 1852இல் சாமுவேல் ஃபாக்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் கொண்டுவந்த கம்பி அது. அதற்கு முன்னால் திமிங்கிலத்தின் வாய்க்குள் இருக்கும் வளையும் தகட்டிலும் பிரம்பிலும் செய்துகொண்டிருந்தார்கள். குறைந்த இரும்பில் நிறைய பலம் கிடைத்ததால் இன்றைக்கும் அதே வடிவம்தான் ஓடுகிறது. ஆனால் இரும்பும் உங்கள் ஊர்க் காற்றில் மல்லாந்தால் வளைந்துதான் போகும்.

உங்களுக்கு வேண்டியது ஃபைபர்கிளாஸ். மீன்பிடித் தூண்டில் கம்பு எப்படி வில்லாக வளைந்து திரும்பி வருகிறதோ, அதே சங்கதி. மல்லாந்தாலும் முறியாது. மல்லாந்த குடையைக் கையால் கம்பி கம்பியாகத் தள்ளித் திருப்பாதீர்கள், அப்போதுதான் மூட்டில் ரிவிட் பிடுங்கும். மடக்குவதுபோல் தண்டிலிருக்கும் குழலைக் கீழே இழுங்கள். எல்லாக் கம்பியும் ஒன்றாக இறங்கி இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது குடை சாகவே இல்லை. ஊசியும் நல்ல நைலான் நூலும் இருந்தால் கால் மணி நேர வேலை. மூடியில் சின்ன ஓட்டை இருக்கும். துணியின் மூலையை அதோடு சேர்த்து நாலைந்து சுற்று தைத்து, முடிச்சைத் துணியின் உட்பக்கம் போடுங்கள். அப்பாவிடம் வந்த குடைகளில் பாதி இந்த வியாதிதான்.

மூன்றாவதை மறந்துவிடுங்கள். தானாக விரிந்து மடங்கும் குடையின் தண்டுக்குள் ஸ்பிரிங்கும் ஒரு கயிறும் இருக்கும். தண்டின் ஒரு துண்டை இன்னொன்றோடு பூட்டுகிற கொக்கி தேய்ந்திருக்கிறது. பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது, அப்பாவே கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மடக்கும்போது கை நழுவினால் தண்டு பாய்ந்து முகத்தில் அடிக்கும்.

ஆரல் டீச்சர்:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ஆனால் கடையில் எல்லாருமே ஃபைபர் என்றுதானே சொல்கிறார்கள்? 650 ரூபாய்க் குடையையும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

குடைக்காரர் மகன்:
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கம்பியில் வைத்தால் ஒட்டுகிறதா, இரும்பு. ஒட்டவில்லை, ஆனால் வெள்ளி நிறத்தில் தொட்டால் சில்லென்று இருக்கிறதா, அலுமினியம். இரண்டும் இல்லாமல் உருண்டையாக, உள்ளே ஓட்டை இல்லாமல் குச்சி மாதிரி இருந்தால் ஃபைபர்கிளாஸ்.

இங்கே ஒரு தந்திரம் உண்டு. மூன்று மடிப்புக் குடையில் ஒரு கம்பி என்பது மூன்று துண்டு. பல கம்பெனிகள் வெளிக்கோடித் துண்டை மட்டும் ஃபைபரில் போட்டுவிட்டு, உள் துண்டுகளை அலுமினியத்தில் முடித்துவிடுவார்கள். ஃபைபர் என்று சொல்வது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நடுத்துண்டையும் பாருங்கள்.

கூடவே மடிப்பையும் யோசியுங்கள். மடிப்பு கூடக் கூட மூட்டு கூடும். மூட்டு கூடினால் ரிவிட் ஆடும் இடமும் கூடும். உள்ளங்கையில் அடங்கும் ஐந்து மடிப்புக் குடை பார்க்க அழகு, உங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்காது. இரண்டு மடிப்பு என்றால் மூடிய நீளம் ஓர் அடிக்கு மேல் போகும். கைப்பைக்கு வெளியே கொஞ்சம் தலை நீட்டும், பரவாயில்லையா?

ஆரல் டீச்சர்:
டிபன் பாக்ஸை வேறு பையில் எடுத்துக்கொண்டால் அடங்கும். சரி, பரவாயில்லை.

ஈரோடு நூல்:
துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம்ம தொழில் அது, அதனால் நான் சொல்கிறேன்.

அட்டையில் 190டி என்று போட்டிருந்தால், ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டு நூலும் குறுக்குவாட்டு நூலும் சேர்ந்து 190 இழை என்று அர்த்தம். எண் கூடினால் நெசவு நெருக்கம். பாஞ்சி என்று ஒரு வகை சொல்வார்கள். அதுவும் பாலியெஸ்டர்தான், இழை மெல்லியது, துணி மெத்தென்று இருக்கும், உதறினால் தண்ணீர் ஓடிவிடும். நைலான் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி, நனைந்தால் தொய்யும். தொய்ந்த துணியில் காற்று படபடவென்று அடிக்கும், தையல்தான் அறுபடும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் பாலியெஸ்டரை எடுங்கள்.

வெயிலுக்கு: வெறுமனே யூவி என்று அச்சடித்திருந்தால் அதற்கு மதிப்பு இல்லை. யூபிஎஃப் 50 என்று எண்ணோடு இருக்க வேண்டும். விழுகிற புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே வரும் என்று பொருள். வெள்ளிப் பூச்சு உட்பக்கம் இருந்தால், தார் ரோட்டிலிருந்து மேலே எழும்பும் வெளிச்சத்தை உங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும். வெளியே எந்த நிறமானாலும் சரி, உள்ளே கருப்புப் பூச்சு நல்லது. பூச்சை விரலால் அழுத்தித் தேயுங்கள், பொடி ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் குடையை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்து உச்சியைப் பாருங்கள். துணி மடிகிற இடத்தில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் பூச்சு ஏற்கனவே வெடித்துவிட்டது.

தங்கச்சிமடம்:
இரும்புக் கம்பியைக் கடலோரக்காரர்கள் தொடவே வேண்டாம். உப்புக்காற்றில் ஒரு சீசனில் மூட்டு துருப்பிடித்துத் துணியெல்லாம் செம்மண் கறை. ஈரத்தோடு உறையில் திணித்தால் அதைவிடச் சீக்கிரம். பாதி விரித்து நிழலில் காய வைப்பேன். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், பிசுக்குப் பிடித்து மண் ஒட்டியதுதான் மிச்சம்.

வால்பாறைவாசி:
இரட்டைத் துணிக் குடையும் பாருங்கள் டீச்சர். உச்சியில் ஒரு துணி தனியாக, கீழ்த்துணிமேல் கவிழ்ந்தமாதிரி இருக்கும். உள்ளே புகுந்த காற்று அந்த இடுக்கு வழியாக மேலே போய்விடும். மடக்குக் குடையிலும் வருகிறது. மேல்துணி கீழ்த்துணியின் விளிம்பை நாலு விரலாவது மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் உள்ளே வரும்.

காலையில் காற்று எந்தப் பக்கம்?

ஆரல் டீச்சர்:
முதுகுப் பக்கம். சாயங்காலம் முகத்துக்கு நேரே.

வால்பாறைவாசி:
அப்படியானால் காலையில்தான் மல்லாந்திருக்கும். எதிர்க்காற்றில் தானாகவே குடையை முன்னால் சாய்த்துக்கொள்வோம். பின்காற்றில் சாய்க்கத் தோன்றாது, அடியில் புகுந்து தூக்கிவிடும். காலையில் குடையைத் தோளுக்குப் பின்னால் சரித்து, தண்டைக் கைப்பிடியில் பிடிக்காமல் கொஞ்சம் மேலே பிடித்துப் பாருங்கள்.

ஆரல் டீச்சர்:
ஆமாம், மூன்றுமே காலையில் போனவைதான்! இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

சனிக்கிழமை நாகர்கோவில் போகிறேன். காந்தம் எடுத்து வைத்துவிட்டேன், மாம்பழ வடிவம்.

ஆரல் டீச்சர்:
போய் வந்தாச்சு. முதல் கடையில் காந்தத்தை எடுத்ததுமே கடைக்காரர் முகம் மாறிவிட்டது. ஃபைபர் என்று அவர் நீட்டிய ஐந்து குடையில் நாலில் கோடித்துண்டு மட்டும்தான் ஃபைபர், நடுத்துண்டு அலுமினியம். அண்ணாச்சி சொன்னது அப்படியே. ஐந்தாவதில் உச்சியைப் பிடித்து ஆட்டினேன், தண்டு கடகடவென்று ஆடியது.

இரண்டாவது கடையில் பெரியவர் ஒருவர், மாம்பழத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே போய் அட்டைப்பெட்டியோடு எடுத்து வந்தார். இரண்டு மடிப்பு, 23 அங்குலம், எட்டுக் கம்பி, முழுக்க ஃபைபர், கையால் விரித்துக் கையால் மடக்குவது. உள்ளே கருப்புப் பூச்சு, யூபிஎஃப் 50. இரட்டைத் துணி அந்த அளவில் அவரிடம் இல்லை. 780 சொன்னார், 720க்குக் கொடுத்தார்.

சென்னை ராஜ்:
எட்டுக் கம்பிதானா மேடம்? இப்போது பதினாறு, இருபத்துநாலு எல்லாம் வருகிறதே.

குடைக்காரர் மகன்:
தம்பி, எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. பதினாறு மெல்லிய கம்பியைவிட எட்டு நல்ல கம்பி மேல். எடையும் குறையும். டீச்சர், சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். எப்படி நிற்கிறது?

ஆரல் டீச்சர்:
பத்து நாள் ஆகிறது. இரண்டு முறை மல்லாந்தது. இரண்டு முறையும் குழலைக் கீழே இழுத்தேன், சமர்த்தாக இறங்கி வந்துவிட்டது. கம்பியில் ஒரு கீறல் இல்லை. பின்னால் சரித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பையன்கள் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள், என்னவென்று இன்னும் தெரியவில்லை.

குடைக்காரர் மகன்:
புதுக் குடையானாலும் முனை மூடிகளில் கம்பெனித் தையல் ஒற்றை நூலாகத்தான் இருக்கும். அது விடுவதற்கு முன்னால் எட்டு முனையிலும் நீங்களே இன்னொரு தையல் போட்டுவிடுங்கள். பழைய 350 ரூபாய்க் குடையையும் தைத்து வைத்தால் வீட்டுக்கு ஒன்று ஆச்சு.

ஆரல் டீச்சர்:
அதைத் தைத்து மாமியாருக்குக் கொடுத்தாச்சு அண்ணாச்சி. புதியதில் ஆறு முனை முடிந்தது. கருப்பு நூல் தீர்ந்துவிட்டது, மீதி இரண்டும் பச்சையில்.