தங்கை நினைவு நூலகத்தில் பூஞ்சை

2019-ல், 17 வயதில் தங்கை போய்விட்டாள். அவள் நினைவாகக் கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நூலகம் நடத்துகிறோம். 10க்கு 12 அடி அறை, தகரக் கூரை, இரண்டு இரும்பு பீரோ, 400 புத்தகம். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பலம். ஐப்பசி பிறந்தாலே அட்டைகளில் வெள்ளையாகப் பூக்கிறது. பென்சிலால் அவள் பெயர் எழுதி வைத்திருந்த அகராதியிலும் பச்சைப் புள்ளி. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வேப்பிலை, அந்துருண்டை வைத்தாயிற்று. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மூன்றே நாளில் நிறைந்து நிறம் மாறிவிடுகிறது. பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பு போட்டதில் கொஞ்சம் குறைந்தது, ஆனால் மழையில் கரண்ட் இருப்பதில்லை. அப்புறம் ஈரம் உறிஞ்சும் மெஷின் விசாரித்தேன். கம்ப்ரசர் வகை குளிரில் மந்தமாகிவிடுமாம்.

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் குளிரில் உங்களுக்கு நன்றாக வேலை செய்யும் மெஷின் எது?