ஆற்றங்கரையில் ஓடும்போது காதில் நிற்கிற இயர்போன் எது?

கோரையாற்றுக் கரை:
வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். காலை ஐந்து மணிக்கு மூணாறு தலைப்பில் (வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடம்) ஆரம்பித்து கோரையாற்றுக் கரையோடு போய்த் திரும்பி ஆறு கிலோமீட்டர் ஓடுகிறேன். காவலர் தேர்வுக்காகத்தான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், எனக்கு இன்னும் 7.20லேயே நிற்கிறது. பாட்டு இல்லாமல் ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே வீட்டு நினைப்பு வந்துவிடும்.

பிரச்சினை இதுதான். 1300 ரூபாய்க்கு ஒரு இயர்பட்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வியர்க்க ஆரம்பித்தால் இடது பக்கம் மட்டும் வழுக்கி விழும், குனிந்து எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு ஓடுவேன். போன வாரம் மதகுக்குப் பக்கத்தில் விழுந்தது, உருண்டு நேராக ஆற்றுக்குள் போய்விட்டது. ஆறு இருகரையும் தொட்டு ஓடுகிற நேரம், இறங்கித் தேடவா முடியும்? மிச்சமிருக்கும் வலது பக்கத்திலும் சார்ஜ் ஏறும் புள்ளி பச்சை பூத்துக் கிடக்கிறது, பெட்டியில் வைத்து அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது.

2500 ரூபாய் வரை போடலாம். கழுத்தில் மாட்டுகிற நெக்பேண்டா, காதுக்கு மேல் கொக்கி போட்ட மாடலா, தலையில் மாட்டுகிற பெரிய ஹெட்போனா? வெளிச்சத்தத்தை அடக்குகிற நாய்ஸ் கேன்சலேஷன் வேண்டுமா? கடையில் கேட்டால் எதைக் காட்டினாலும் வாட்டர் ப்ரூஃப் என்கிறார்கள்.

அரசலாறு:
பெரிய ஹெட்போனை முதலில் விட்டுவிடுங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அந்த மெத்தை இரண்டே வாரத்தில் வியர்வை குடித்து நாறும். ஃபேனுக்கு அடியில் வெயிட் தூக்குகிறவர்களுக்கு வேண்டுமானால் சரி.

இடது பக்கம் மட்டும் விழுகிறது என்றீர்களே, அது மாடலின் கோளாறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நிறைய பேருக்கு இரண்டு காது ஓட்டையும் ஒரே அளவில் இருக்காது. பெட்டியோடு மூன்று அளவில் ரப்பர் கொடுப்பார்கள், நாம் நடு அளவை இரண்டு பக்கமும் அப்படியே விட்டுவிடுவோம். எனக்கு வலதுக்கு நடு அளவு, இடதுக்குப் பெரியது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது, அதற்குள் மூன்று செட் தொலைத்தாகிவிட்டது.

ஆனாலும் காதை இறுக்கி அடைக்கிற ரப்பரில் இன்னொரு தொல்லை இருக்கிறது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு நாலடி ஓடிப் பாருங்கள். கால் தரையில் படுவதெல்லாம் மண்டைக்குள் தொம் தொம் என்று கேட்கும். பாட்டை விட அதுதான் சத்தமாக இருக்கும். அதனால் ஓடுவதற்கு என் ஓட்டு, காதுமடலில் கொக்கி மாட்டி, ஓட்டையை அடைக்காமல் வாசலிலேயே நிற்கிற ஓபன் இயர் வகைக்குத்தான். உங்கள் பட்ஜெட்டிலேயே இப்போது கிடைக்கிறது. பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த அதிர்வுச் சத்தம், கொஞ்சம் குறையும். ஆற்றங்கரையில் ஓடும்போது பேஸ் எதற்கு?

மணிக்கூண்டு மொபைல்ஸ்:
தஞ்சாவூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன், சர்வீஸும் உண்டு. தம்பி சொன்ன பச்சை பூத்த கதை மாதத்துக்கு நாலைந்து என் மேசைக்கு வரும்.

வாட்டர் ப்ரூஃப் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, பெட்டியில் ஐ.பி.எக்ஸ். என்று போட்டு ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். ஓட்டத்துக்கு 4 போதும், 5 இருந்தால் நிம்மதி. ஆனால் இந்தச் சோதனை எல்லாமே நல்ல தண்ணீரில் செய்வது. வியர்வை உப்புத் தண்ணீர். ஈரத்தோடு சார்ஜ் பெட்டிக்குள் போட்டு மூடினால் அந்த உப்பிலேயே கரண்ட் பாய்ந்து சார்ஜ் புள்ளியை அரித்துவிடும். ஓடும்போது சாவதை விட ஓடி முடித்துப் பெட்டியில் போட்ட பிறகு சாவதுதான் அதிகம். அந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது, இது இன்னொரு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். வேறு வைத்தியம் கிடையாது. இப்போது பூத்திருக்கும் பச்சையை, பழைய டூத் பிரஷில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு மெதுவாகத் தேய்த்தால் கொஞ்சம் போகும். ஆணி, ஊக்கு வைத்துச் சுரண்டினால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

2500க்கு நான் நெக்பேண்ட்தான் சொல்வேன். காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில்தான் தொங்கும், ஆற்றுக்குப் போகாது. ஒயர் ஆடி இழுக்கிறது என்பார்கள், அதைக் காதுக்குப் பின்னால் சுற்றி மேலிருந்து உள்ளே மாட்டினால் இழுப்பு பாதி போய்விடும்.

கமலாலயம் நடை:
தம்பி, நான் ஓடுகிற ஆள் இல்லை. திருவாரூரில் தினமும் கமலாலயத்தைச் சுற்றி நடக்கிறேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி (பழைய நில அளவு) என்பார்களே, ஒரு சுற்று வந்தாலே கால் சொல்லிவிடும்.

போன வருஷம் ரப்பர் வைத்த இயர்பட்ஸ் போட்டு நடந்துவிட்டு, வியர்வையோடு அதைக் காதில் வைத்தபடியே சமையலும் செய்வேன். மூன்று மாதத்தில் காதில் அரிப்பு, அடைப்பு, அப்புறம் வலி. காது டாக்டர் பார்த்துவிட்டு ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார், ஒரு மாதம் காதில் எதையும் வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். இந்த ஊர் ஈரக்காற்றில் காதை மூடி வைப்பது ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விடுகிற மாதிரிதான்.

அதற்குப் பிறகு பையன் போன் கண்டக்‌ஷன் என்று ஒன்று வாங்கி அனுப்பினான். போன் என்றதும் நானும் கைபேசி என்றுதான் நினைத்தேன், எலும்பாம். காதுக்கு முன்னால் கன்னத்து எலும்பில் ஒட்டி நின்று அதிர்கிறது, காது திறந்தே கிடக்கிறது. பின்னால் வருகிற மினி பஸ் கேட்கிறது, எதிரே வருகிறவர் குசலம் விசாரித்தாலும் கேட்கிறது. ஷாக்ஸ் கம்பெனியுடையது, விலை உங்கள் பட்ஜெட்டில் அடங்காது. சத்தம் கூட்டினால் கன்னத்தில் குறுகுறுவென்று இருக்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி குறை இல்லை.

ஆற்றங்கரை ரோட்டில் நாய்ஸ் கேன்சலேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். இப்போது குறுவை அறுப்பு, நெல் லாரி விடிவதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும், பாதி ரோட்டில் நெல் காய்கிறது.

அரசலாறு:
அக்கா சொல்வது சரி. அதோடு கேன்சலேஷன் மைக்கில் எதிர்க்காற்று பட்டால் புஸ் புஸ் என்று ஒரே இரைச்சல், வெளியே ஓடும்போது அதனால் பயனும் குறைவுதான். சத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலுக்கு ஏற்றினால் வெறும் 4 மணி நேரம்தான்.

பழைய ஓட்டக்காரன்:
எல்லாரும் என்ன வாங்குவது என்றே பேசுகிறீர்கள். தேர்வு மைதானத்தில் காதில் எதையும் வைத்துக்கொண்டு ஓட விட மாட்டார்கள் தம்பி. 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 வினாடி, 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. அந்த வேகம் காலிலும் மூச்சிலும் ஏற வேண்டும். பாட்டு ஓடினால் நம் மூச்சு நமக்கே கேட்காது. முதல் சுற்றைப் பாட்டு வேகத்தில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெதுவாக ஓடுகிற ஆறு கிலோமீட்டருக்குப் பாட்டு கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் வேக ஓட்டத்துக்கு வாட்ச் மட்டும் போதும்.

கோரையாற்றுக் கரை:
எல்லாருக்கும் நன்றி. சார் சொன்ன 1.52 கணக்கை நான் இதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை, நாளைக்கே பள்ளி மைதானத்துக்குப் போகிறேன். நெக்பேண்டா கொக்கி மாடலா என்று இன்னும் முடிவாகவில்லை. இன்னொரு சந்தேகம், வீட்டில் நன்றாகப் பாடுகிற இயர்பட்ஸ் கரையில் ஓடும்போது மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அதுவும் வியர்வையா?

மணிக்கூண்டு மொபைல்ஸ்:
வியர்வை இல்லை, உடம்பு. ப்ளூடூத் அலையை உடம்பில் இருக்கும் தண்ணீரே விழுங்கிவிடும். வீட்டுக்குள் என்றால் சுவரில் பட்டுத் திரும்பியாவது காதுக்கு வந்து சேரும், வயல்வெளியில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. செல்போனைப் பேன்ட் பையில் வைக்காமல் மேல்கையில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் இயர்பட்ஸ் இருக்கிறதோ அந்தக் கையில்.

புதிது வாங்குவதையும் அவசரப்படுத்த வேண்டாம். அந்த வலது பக்கம் இன்னும் உயிரோடுதானே இருக்கிறது? ஒன்றை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தால் பெரும்பாலான மாடல்கள் தனியாகவே பாடும். வண்டிக்கு எதிர்முகமாக ரோட்டின் வலது ஓரத்தில் ஓடுங்கள். போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி, ரோடு எப்போதும் உங்கள் இடது கைப் பக்கம்தான் இருக்கும். லாரியைக் கேட்க வேண்டிய காது இடது காது. ஆற்றில் போனதும் இடது பக்கம்தானே!

கோரையாற்றுக் கரை:
அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. டூத் பிரஷ் தேடிக்கொண்டிருக்கிறேன்.