‘எல்லாம் காம்ப்ரமைஸ் ஆயிடுச்சு’: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பத்திர எழுத்தர், திருப்பாதிரிப்புலியூர்

கடலூரில் பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். ‘பேசி முடிச்சாச்சு சார், காம்ப்ரமைஸ்’ என்று சொல்லிக்கொண்டு வருகிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அதில் ஒரு குடும்பம் மனதை விட்டுப் போகவில்லை.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடும் மனையும் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். தங்கை தன் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தருவதாகப் பேச்சு.

எழுதிக் கொடுப்பவரிடம் தனியாகப் பேசாமல் நான் பத்திரத்தில் கை வைப்பதில்லை. சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டுப்போனதில் அந்தச் சட்டம் வந்த 1956 முதலே மகனும் மகளும் சமம். இதைச் சொன்னதும் அந்தப் பெண், “தெரியும் சார், எனக்குப் பாதி இருக்கு” என்றார். பிறகு ஏன் எழுதித் தருகிறீர்கள் என்று கேட்டேன். “எம்பொண்ணுக்கு ஒரு நல்லது நடந்தா தாய்மாமன் வந்து நிக்கணும். பங்கு கேட்டா அந்த வாசப்படி ஏற முடியுமா?”

அண்ணனையும் தனியாகக் கேட்டேன். “அவளாதான் வேணாம்னா சார். நகை, சீர், பிரசவம் எல்லாம் நான்தான் பார்த்தேன். அதோட நேராயிடுச்சு.” அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இது பழைய கணக்கின் முடிவு. தங்கைக்கோ இனி வரப்போகும் வருஷங்களுக்கான முன்பணம். ஒரே பத்திரம்தான், இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் உட்கார்ந்து பேசிக்கொண்டதில்லை.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தபோது தங்கை, “பொறந்த வீட்டுல வந்து தங்குற உரிமைய இதுலயே எழுதிக்கலாமா?” என்று கேட்டார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எழுதித்தான் வைக்கணுமா? எப்ப வேணா வரலாமே!” “உன் காலத்துல வருவேன். உன் புள்ள காலத்துல?”

அன்று எதுவும் எழுதாமல் போய்விட்டார்கள். அப்புறம் வந்தபோது பாகப்பிரிவினை எழுதச் சொன்னார்கள். வீடு அண்ணனுக்கு, தோட்டத்துப் பக்கம் இரண்டு சென்ட் தங்கைக்கு, தெருவிலிருந்து போக வழியோடு. குடும்பத்துக்குள் என்றால் இரண்டு வகைப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதனால் செலவு ஒரு காரணமே இல்லை. பாதிப் பங்குக்கு இரண்டு சென்ட் ஈடாகாது என்பதுதான் இன்றும் என் எண்ணம். ஆனால் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டபோது தயங்கவில்லை.

ஃபைபர் படகுக்காரர், தேவனாம்பட்டினம்

எங்கள் பக்கம் இதே பேச்சு, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை விஷயத்தில் வரும். தமிழ்நாட்டில் அந்த வலைக்கு 2000 முதல் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால் போய் மீன் பிடிக்கலாம், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். 12 கடல் மைல் என்றால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர்.

வெளியூர்க்காரர்கள் ‘நடுவழி கிடைத்துவிட்டதே’ என்றார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் மச்சான் சுருக்குமடியில் பங்கு வைத்திருக்கிறார். அக்கா நகையை அடகு வைத்துப் போட்ட பங்கு. “வாரத்துல அஞ்சு நாள விட்டுட்டோம், இன்னும் என்னடா விடணும்?” என்று கேட்டார். “தடை பண்ண வலைக்கு ரெண்டு நாள் குடுத்திருக்காங்க, அது எங்க வயித்துலேர்ந்து போவுது மாமா” என்றேன். மத்தி மீனும் கவலை மீனும் கூட்டம் கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தை அப்படியே வளைத்துவிட்டால் சின்ன வலைக்காரனுக்கு என்ன மிஞ்சும்?

அவர் ஏழு நாளிலிருந்து கீழே எண்ணுகிறார், நான் பூஜ்யத்திலிருந்து மேலே எண்ணுகிறேன். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதிலேயே ஒத்துப்போகாதபோது, நடுவில் எந்த இடத்தைக் காட்டினாலும் இரண்டு பேருக்கும் நஷ்டமாகத்தான் தெரியும். பத்திர எழுத்தர் சொன்ன அந்த அண்ணனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முழு வீட்டிலிருந்து எண்ணியிருப்பார்.

மச்சானும் நானும் இப்போது கடலைப் பற்றிப் பேசுவதில்லை. அக்கா வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், வருவேன். இதையும் காம்ப்ரமைஸ் என்று அக்கா சொல்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அரியாங்குப்பம், புதுச்சேரி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் மோதி என் கணவருக்குக் கால் போய்விட்டது. நஷ்டஈட்டு வழக்கு இழுத்துக்கொண்டே போனதால் வழக்கைப் பேசி முடித்துவைக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போனோம். கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் பணம் கைக்கு வந்தது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. வழக்கையே நடத்தியிருந்தால் தீர்ப்புக்குப் பிறகும் சென்னை உயர் நீதிமன்றம் வரை இழுத்திருப்பார்கள். பிள்ளைகள் படிப்பு அதற்காகக் காத்திருக்குமா? நான் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன், இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

“எம்புள்ள கால வித்துட்டு வந்துட்டியே” என்று மாமியார் சொன்னார். கணவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் மேல் தப்பு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு வேண்டியது அதுதான். அதற்கு எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திர எழுத்தர், திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, ஓட்டுநர் மீது போலீஸ் போட்ட வழக்கு தனி. நஷ்டஈட்டைப் பேசி முடித்ததால் அது தானாக முடிந்துவிடாது. எஃப்.ஐ.ஆர். எண்ணை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் கேளுங்கள், எந்த நீதிமன்றத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், நடந்ததை உங்கள் கணவர் அங்கே சாட்சியாகச் சொல்லலாம்.