பஸ் வீட்டுக்குள் தடுப்புச் சுவர்: ஜிப்சம் போர்டு தாங்குமா?

திருவொற்றியூர்_பஸ்வீடு:
வணக்கம். 12 மீட்டர் பழைய பஸ். சீட்டெல்லாம் கழட்டி, தரையில் 12 எம்எம் பிளை போட்டாச்சு. உள் அகலம் 2.3 மீட்டர், நடுவில் உயரம் 1.9 மீட்டர். வண்டி நிற்பது திருவொற்றியூரில், கடலை ஒட்டி. வருஷத்தில் சில தடவை ரோட்டிலும் ஓடும். குறுக்கே இரண்டு தடுப்பு வேணும்: பின்னால் படுக்கையறை, அதை ஒட்டி பாத்ரூம். வீட்டு வேலை செய்யும் இன்டீரியர்காரர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் அடித்து 12.5 எம்எம் ஜிப்சம், கீல் வைத்த கதவு, பாத்ரூமுக்கு டைல்ஸ் என்கிறார். சரியா வருமா?

மாதவரம்_பாடிஷாப்:
ஜிப்சம் வேண்டாம் சார். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், பஸ் பாடி ஓடும்போது முறுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கூரையின் ஒரு மூலை மற்றதைவிட கீழே போகும். குறுக்கே தடுப்பை நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் அந்த முறுக்கு முழுக்க அதன்மேல்தான் ஏறும். ஜிப்சம் முதலில் கதவு மூலையில் வெடிக்கும், பிறகு ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் மாவாக உதிரும். கடல் காற்றின் ஈரம் அதை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

செய்ய வேண்டியது இது. தரையிலும் ஒரு பக்கத்து பில்லரிலும் (பாடியின் நிமிர்ந்த இரும்புத் தூண்) மட்டும் இறுக்குங்கள். கூரையும் எதிர்ப்பக்கமும் மிதக்கட்டும், அதாவது இறுக்காமல் அசைய இடம் விடுங்கள். கூரையில் ரூஃப் ஸ்டிக் (கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கும் இடம் பார்த்து 40 எம்எம் ஆழமுள்ள அலுமினியம் யு சேனலைக் கவிழ்த்து ரிவ்நட்டில் (ஒரு பக்கத்திலிருந்தே பொருத்தும், உள்ளே மரை உள்ள ரிவெட்) பிடியுங்கள். கூரையின் வளைவுக்கு அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டியிருக்கும். சுவரின் தலை சேனலுக்குள் 25 எம்எம் நுழையணும், மேலே 12 முதல் 15 எம்எம் காலியாக இருக்கணும். இரண்டு பக்கமும் ஈபிடிஎம் (வெயில், மழை தாங்கும்) ரப்பர் பட்டை. அது இல்லாவிட்டால் ஓடும்போது கடகட சத்தம் நிற்காது. எதிர்ப்பக்கத்துக்கும் இதே அமைப்புதான்.

சட்டத்துக்கு 25 x 25 x 1.5 அலுமினியம் டியூப், நிமிர்ந்து நிற்கும் கம்பிகளுக்கு இடையே 400 எம்எம். 600 எம்எம் வாசல் விட்டால் ஒரு சுவருக்குச் சுமார் 16 மீட்டர், எடை 6 கிலோதான். இதையே 1.6 எம்எம் இரும்பு டியூபில் செய்தால் 18 கிலோ. இரண்டு முகத்துக்கும் 6 எம்எம் ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் பிளைக்கான இந்தியத் தரம்) மரைன் பிளை. சேதாரம் சேர்த்து சுவருக்கு 8 x 4 ஷீட் மூன்று. வால்டாக்ஸ் ரோட்டில் வாங்கும்போது ஷீட்டின் மேல் அந்த ஐஎஸ் முத்திரையைப் பார்த்து எடுங்கள்.

தரையில் பிளையை மட்டும் நம்பி ஸ்க்ரூ அடிக்காதீர்கள். கீழே கிராஸ் மெம்பர் (தரையைத் தாங்கும் குறுக்கு இரும்பு) ஓடும் இடத்தில் எம்6 போல்ட், அகல வாஷர், நைலாக் நட் (ஆட்டத்தில் கழலாத நட்). பிரேக் பிடிக்கும்போது சுவர் முன்னால் சாயாமல் நிறுத்துவது அதுதான். அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்திலெல்லாம் நடுவில் ரப்பர் வையுங்கள், துளையில் பியூ சீலன்ட் (தண்ணீர் புகாத பாலியூரிதேன் பசை) தடவிவிட்டு 304 எஸ்எஸ் போல்ட் போடுங்கள். உப்புக் காற்றில் இரண்டும் நேராகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும்.

கீல் கதவு முறுக்கில் சிக்கிக்கொள்ளும். ஸ்லைடிங் போடுங்கள், ஆனால் மூடியும் திறந்தும் பூட்டும்படி லாட்ச் அவசியம். இல்லையென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் கதவு ஓடும். தடுப்பின்மேல் கப்போர்டு மாட்ட வேண்டாம், அந்தச் சுமை பில்லருக்குப் போகட்டும்.

ரொம்ப முக்கியமான ஒன்று: எமர்ஜென்சி வழி படுக்கையறைக்குள்ளேயே இருக்கணும். தடுப்பு அதை மறைத்தால் தீ பிடிக்கும்போது உள்ளே இருப்பவருக்கு வழி கிடையாது. வண்டி ரோட்டில் ஓடப்போவதால் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதியும் வேணும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. வேலை தொடங்குவதற்கு முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

காசிமேடு_ஃபைபர்:
பாத்ரூம் பத்தி மட்டும் சொல்றேன்ணா. டைல்ஸ் வேணாம். ஒரு சதுர மீட்டருக்கே 16 கிலோ கிட்ட வரும், டைல்ஸ் இடுக்குல பூசுற கிரவுட் லைன் வண்டி ஆட்டத்துல விட்டுப்போகும், அப்புறம் தண்ணி பின்னாடி இறங்கும். மீன்பிடி போட்டுக்குப் பண்ற மாதிரி பைபர் ஏத்திடுங்க.

9 எம்எம் மரைன் பிளை மேல 60 நம்பர் உப்புத்தாள் போட்டு, முதல்ல ரெசினை மட்டும் மெல்லிசா ஒரு கோட். அது பிடிச்சதும் 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட், அதான் கண்ணாடி இழை விரிப்பு, ரெண்டு லேயர். சதுர மீட்டருக்கு மேட் 900 கிராம், ரெசின் 2 கிலோவுக்கு மேல. அஞ்சு சதுர மீட்டர் சுவர்னா மேட் நாலரை கிலோ, ரெசின் 11 கிலோ வாங்குங்க. ஐசோ ரெசின் கேளுங்க, சாதா ரெசின் நாள்பட்ட தண்ணிக்குக் கொப்புளம் போடும்.

மூலையெல்லாம் முதல்லயே புட்டி வெச்சு 20 எம்எம் உருட்டா ஆக்கிடுங்க. மேட் செங்கோண மூலையில படியாது, உள்ள காத்து நிக்கும், அங்கதான் ஒழுக ஆரம்பிக்கும். கீழ தண்ணி விழுற டிரேயோட ஓரம் மேல ஏறி வரணும், சுவர் பைபர் அதுக்கு உள்பக்கமா வந்து இறங்கணும். மாத்திப் போட்டா தண்ணி நேரா தரைப் பிளைக்குப் போகும்.

கோபால்ட்டை (ரெசின் சீக்கிரம் இறுக உதவுற மருந்து) முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு, அதுக்கப்புறம்தான் ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கிற மருந்து). ரெண்டையும் நேரா ஒண்ணா ஊத்தினா வெடிக்கும். ஒரே ஆள் ரெண்டு டப்பாவையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கவே கூடாது. மழை நாள்ல இந்த வேலையை எடுக்காதீங்க, பிளை ஈரமா இருந்தா பைபர் ஷீட்டாவே உரிஞ்சு வரும்.

திருவொற்றியூர்_பஸ்வீடு:
ரொம்ப நன்றி. அப்போ ஜிப்சம், டைல்ஸ் ரெண்டும் இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். பக்கச் சுவருக்கு இன்சுலேஷன் போட்டு அதற்குமேல் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டச் சொல்லி வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஏசி போடப்போகிறேன், அது தேவையா? கூரை வளைவுக்குப் பிளையை எப்படி அளந்து வெட்டுவது?

எண்ணூர்_ஏசி:
பிளாஸ்டிக் ஷீட்டை உள்பக்கம் போடாதீர்கள். அது குளிர் நாட்டு முறை. அங்கே ஈரம் சூடான உள்ளேயிருந்து வெளியே போகிறது. நம் ஊரில் ஏசி ஓடினால் உள்ளே குளிர், வெளியே சூடும் புழுக்கமும். ஈரம் ஜன்னல் ரப்பர், ரிவெட் ஓட்டை வழியே உள்ளே வரும், குளிர்ந்த ஷீட்டின் பின்னால் தண்ணீராக நிற்கும். பிளை பின்னாலிருந்து கறுத்து வரும், வாசம் வந்த பிறகுதான் தெரியும்.

19 எம்எம் நைட்ரைல் ரப்பர் ஷீட்டைத் தகரத்தின் உள்முகத்திலேயே இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அதற்கு முன் துருவைச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். பில்லரின் முகத்தையும் மூடணும், விட்டால் அந்த இரும்பு வழியாகவே சூடு உள்ளே வரும். ஒயர் எல்லாம் ரப்பருக்கு உள்பக்கம் ஃப்ளெக்சிபிள் பைப்பில் ஓடட்டும், டியூபைத் துளைக்கும் இடத்தில் கிராமெட் (துளை ஓரத்துக்கான ரப்பர் வளையம்). அது இல்லாவிட்டால் ஆட்டத்தில் ஒயரின் மேலுறை அறுந்து பாடிக்கே கரன்ட் வரும்.

மாதவரம்_பாடிஷாப்:
வளைவுக்கு அட்டை டெம்ப்ளேட். அட்டையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கூரையில் முட்டவைத்து, நடுவில் ஒரு பெரிய அட்டையோடு சூடான பசையால் ஒட்டிக்கொண்டே போங்கள். இடது பக்கத்தைக் கவிழ்த்து வலதுக்குப் போடாதீர்கள். பழைய பாடியில் இரண்டும் ஒன்றாக இருக்காது. ரசமட்டமும் வேண்டாம், வண்டி நிற்கும் தரை சாய்ந்திருந்தால் சுவரும் சாய்ந்துவிடும். பஸ் தரையிலிருந்து மூலைமட்டம் வைத்து நிமிர்த்துங்கள். வரைந்த கோட்டுக்கு உள்ளே 15 எம்எம் குறைத்து வெட்டுங்கள், அந்த இடைவெளியைச் சேனல் மறைத்துவிடும்.

வெல்டிங் எங்காவது தவிர்க்க முடியவில்லை என்றால் அதை ரப்பர் ஷீட் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழட்டிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.