அதிகாரி கடைசியில்தான் சாப்பிடுவாராம்!

போரூர்_ஹவில்தார்:
என் மகன் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறான். போன வாரம் அவன் ஆபீசில் தலைமைப் பண்பு வகுப்பாம். கோட்டு போட்ட ஒருத்தர், "ராணுவத்தில் ஜவான்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி தட்டையே தொடுவார், மேனேஜர்களும் அப்படி இருங்கள்" என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். "நிஜமாப்பா?" என்கிறான். மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருஷம் இருந்தேன். நாங்கள் சாப்பிட்டது லங்கரில், அதாவது ஜவான்களின் சமையல் கூடத்தில்; அதிகாரிகள் சாப்பிட்டது தனியாக ஆபீசர்ஸ் மெஸ்ஸில். இதில் யார் முதல், யார் கடைசி என்று எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பது?

பரங்கிமலை_மேஜர்:
அந்த மாதிரி வகுப்பு நானும் எடுக்கிறேன். ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய கால அதிகாரியாக, 10 வருஷம் இருந்தவன். 1932-ல் டேராடூன் ராணுவ அகாடமி தொடக்க விழாவில் அப்போதைய தலைமைத் தளபதி செட்வுட் சொன்னதுதான் இதற்கெல்லாம் வேர்: முதலில் நாடு, அடுத்து உன் வீரர்கள், உன் சுகம் எப்போதும் கடைசி.

போரூர்_ஹவில்தார்:
அதில் சாப்பாடு என்று எங்கே இருக்கிறது மேஜர் சாப்? சுகம் என்றால் சோறு என்று யார் அர்த்தம் சொன்னது? அதுவும் அது டேராடூன் வாசகம். ஷார்ட் சர்வீஸான உங்களுக்குப் பயிற்சி பரங்கிமலையில்.

ஆவடி_கேடட்:
நான் என்சிசி 'சி' சர்ட்டிபிகேட். கேம்பில் எங்கள் சார் கடைசியில்தான் சாப்பிட்டார். நானே பார்த்தேன்.

போரூர்_ஹவில்தார்:
பத்து நாள் கேம்ப். சரி தம்பி, உனக்கு ஒரு சல்யூட். பெரியவர்கள் பேசட்டும்.

பரங்கிமலை_மேஜர்:
சின்னப் பையனை மட்டம் தட்டாதீர்கள். நான் கற்றதைச் சொல்கிறேன். லெப்டினன்டாக லடாக்கில் இருந்தேன். ரோந்து முடிந்து திரும்பியதும் எங்கள் சுபேதார், "சாப், டீ அப்புறம். முதலில் காலைப் பாருங்கள்" என்றார். ஒவ்வொருவராக உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து விரல் விரலாகப் பார்த்தேன். ஒருத்தனுக்குச் சுண்டு விரல் வெளுத்து மரத்திருந்தது. கிள்ளினால் தெரியவில்லை. அதற்கு ஐந்து நிமிஷம் முன்புதான் "ஆல் ஓகே சாப்" என்றான். இன்றும் என் டீமில் யாராவது எல்லாம் ஓகே என்றால் எழுந்து போய்ப் பார்த்துவிடுவேன்.

போரூர்_ஹவில்தார்:
நல்ல பாடம். சொல்லிக் கொடுத்தது சுபேதார், அதாவது ஜவானாகச் சேர்ந்து மேலே வந்த எங்கள் ஆள். உங்கள் வகுப்பில் அந்த மனுஷனுக்கு ஒரு ஸ்லைடாவது உண்டா? சரி, கால் பார்த்தீர்கள். அன்றைக்குச் சாப்பாடு எங்கே சாப்பிட்டீர்கள்?

பரங்கிமலை_மேஜர்:
திரும்பத் திரும்ப அதே கேள்வி. ரோந்தில் எல்லோருக்கும் அதே பூரி, அதே ஷக்கர்பாரா. அதிகாரியும் ஜவானும் சேர்ந்து சாப்பிடும் பராகானா விருந்தில் நாங்களே கரண்டி பிடித்து உங்களுக்குப் பரிமாறியதில்லையா?

போரூர்_ஹவில்தார்:
பரிமாறினீர்கள், ரெஜிமென்டின் பிறந்த நாளான ரெய்சிங் டே அன்று. மிச்ச 364 நாள்? நான் ரோந்தைக் கேட்கவில்லை, திரும்பி வந்த பிறகு கேட்கிறேன். காவல் போஸ்டில் எங்கள் தால் பாத்திரத்திலேயே ஆறி ஆடை கட்டிவிடும். அதிகாரி கடைசியில் சாப்பிட்டார், வாஸ்தவம்தான். அவருடைய டிபன் கேரியரைத் துணியில் சுற்றி அவருடைய உதவியாள் ஜவான், சகாயக், பங்கருக்குக் கொண்டு போவான். சூடாக. கடைசியில் சாப்பிடுவது தியாகமாம்!

வேளச்சேரி_பட்டதாரி:
மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. ராணுவ அதிகாரி ஆவதற்கான சிடிஎஸ் தேர்வு எழுதியிருக்கிறேன், ஷார்ட் சர்வீஸ் கிடைக்கலாம். 10 வருஷம் கழித்து வெளியே வந்தால் வேலைக்கு என்ன வழி?

போரூர்_ஹவில்தார்:
மேஜர் சாபைக் கேள். 10 வருஷத்துக்குப் பென்ஷன் கிடையாது, அதனால்தான் கோட்டு. நான் 15 தாண்டியவன். மாசம் பிறந்தால் பென்ஷன்.

பரங்கிமலை_மேஜர்:
என் கோட்டு உங்களை என்ன செய்தது? ஆபீசர்கள் மேல் ஏதோ பழைய கடுப்பு. லீவு மறுத்தார்களா?

போரூர்_ஹவில்தார்:
மறுத்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு. அது வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

முடிச்சூர்_அக்கா:
2015 வெள்ளத்தில் எங்களை மொட்டை மாடியிலிருந்து ராணுவப் படகில்தான் இறக்கினார்கள். எலுமிச்சை சாதம் கொடுத்தோம். யார் முதலில் சாப்பிட்டார் என்று நாங்கள் வரிசை பார்க்கவில்லை. ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு சண்டையா?

ஆவடி_கேடட்:
எங்கள் சார் கடைசியில்தான் சாப்பிட்டார். பத்து நாளும்.

போரூர்_ஹவில்தார்:
அக்கா, படகில் வந்தவர்களில் எத்தனை பேர் அதிகாரி, எத்தனை பேர் ஜவான்? யோசித்துச் சொல்லுங்கள். இன்னொன்று. நேற்று மகன் ஆபீசில் பிரியாணி. வகுப்பில் கேட்டதை மறக்காமல் மேனேஜர் கடைசி ஆளாக வரிசையில் நின்றாராம். எல்லோரும் புல்லரித்துப் போய் போட்டோ எடுத்தார்களாம். லெக் பீஸ் மட்டும் தனி டப்பாவில் அவர் மேஜைக்கு ஏற்கெனவே போயிருந்ததாம்.

பரங்கிமலை_மேஜர்:
இதையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தீர்களா?

வேளச்சேரி_பட்டதாரி:
அண்ணா, என் கேள்வி...

போரூர்_ஹவில்தார்:
இரு தம்பி. மேஜர் சாப், லடாக்கில் அன்றைக்குச் சாப்பாடு எங்கே சாப்பிட்டீர்கள்?