உப்பு நொறுங்குகிறது, செம்பு நசுங்குகிறது: ஏன்?

தெம்பனிஸ் தந்தை:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், உலோகங்கள் வலிமையானவை என்பதால் அவற்றின் உருகுநிலையும் உயர்ந்தது என்று வேதியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தாள். பாடநூலைப் புரட்டியபோது எனக்கே குழப்பமாகிவிட்டது. சமையல் உப்பு 801 பாகை செல்சியசில் உருகுகிறது. சோடியம் உலோகமோ 98 பாகையிலேயே உருகிவிடுகிறது. அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் கல்லுப்பு உரலில் ஓர் இடிக்கே பொடியாவதும், செம்புக் கம்பி எத்தனை அடி வாங்கினாலும் தட்டையாவதோடு நின்றுவிடுவதும் எதனால்?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
நல்ல கேள்வி, ஐயா. உருகுவதும் உடைவதும் வெவ்வேறு செயல்கள். உப்புப் படிகம் அயனிகளால், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களால் ஆனது; சோடியம் நேர்மின், குளோரைடு எதிர்மின். அதில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழ்ந்திருப்பதால், அந்த ஈர்ப்பைத் தளர்த்த மிகுந்த வெப்பம் வேண்டும். ஆனால் ஓங்கி இடிக்கும்போது ஓர் அடுக்கு ஓர் அயனியளவு நகர்ந்தாலே போதும். நேர்மின் எதிரே நேர்மின்னும், எதிர்மின் எதிரே எதிர்மின்னும் வந்து நின்று ஒன்றையொன்று தள்ள, படிகம் பிளந்துவிடுகிறது. கல்லுப்புத் துண்டை உருப்பெருக்கியில் பார்த்தால் பிளந்த முகங்கள் சதுரமாகத் தெரியும். செம்பில் எந்த அணுவுக்கும் தனியுரிமை இல்லாத எலக்ட்ரான்கள் எங்கும் பரவியிருப்பதால், அடுக்குகள் வழுக்கினாலும் பிணைப்பு அறுவதில்லை.

திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாததற்கும் காரணம் அயனிகள் இடம்பெயர முடியாமல் நிற்பதுதான். உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ அவை நகரத் தொடங்குகின்றன.

ஆய்வுக்கூட ஊழியர்:
மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகளே; அங்கே ‘கட்டற்ற எலக்ட்ரான்கள்’ என்று எழுதுவது தவறு. மின்சாரம் பாய்ந்த பிறகும் செம்பு செம்பாகவே இருக்கும். அடர்ந்த உப்புக் கரைசலோ ஹைட்ரஜனையும் குளோரினையும் வெளிவிடும். குளோரின் நச்சுவாயு என்பதால், மின்கலத்தை வைத்து வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். உலோகமென்றால் உயர்ந்த உருகுநிலை என்ற பொதுவிதியும் செல்லாது: டங்ஸ்டன் உருக ஏறத்தாழ 3,400 பாகை வேண்டும், காலியமோ 30 பாகைக்குச் சற்றுக் கீழேயே உருகுவதால், நம் ஊர் நண்பகலில் மேசைமேல் வைத்தாலே இளகிவிடும்.

தெம்பனிஸ் தந்தை:
இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டு உப்புச் சாடியின் இரும்பு மூடி சர்க்கரைச் சாடியின் மூடியைவிட விரைவாகத் துருப்பிடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
நிச்சயமாக உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சிங்கப்பூரில் பெரும்பாலான நாள்களில் இரவிலும் காலையிலும் ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான். கசிந்த உப்புநீரில் அயனிகள் எளிதாக நகர்வதால் இரும்பு துருப்பிடிப்பது விரைவாகிறது. பிளாஸ்டிக் மூடிக்கு மாறிவிடுங்கள்.